வீட்டைக் குளிரவைக்கும் அகுலினா அத்தை

இன்று நான் பார்த்துவிட்டு வந்தது எங்கள் ஊர் அகுலினா அத்தையை. வந்ததும் வராததுமாக, தொப்பியைக்கூடக் கழற்றாமல் போனில் இதை அடித்துக்கொண்டிருக்கிறேன். நாளைக்கு என்று தள்ளிப்போட்டால் ஆறிப்போய்விடும்.

அம்மா பாலாடை வாங்கிவரத்தான் அனுப்பினாள். அத்தை தட்டு தட்டாக உறையவைத்து விற்கும் பாலாடைக்கு எங்கள் ஊரில் அடித்துக்கொள்வார்கள். வாசலில் போய் நின்று பார்த்தால், அத்தை வீட்டின் வடக்குச் சுவரோடு மல்லுக்கட்டிக்கொண்டிருக்கிறாள். சுவரோரம் இடுப்பு உயரத்துக்குக் குவிந்திருந்த பனியை, பனி அள்ளும் மரவாரியால் வெட்டி வெட்டிச் சறுக்குவண்டியில் போடுகிறாள். கண்ணிமையெல்லாம் வெள்ளை.

எங்கள் பக்கத்தில் புத்தியுள்ளவர்கள் செய்வது நேர் எதிர். முதல் பனி விழுந்ததும் அதை வாரிக் கொண்டுவந்து சுவரைச் சுற்றிக் குவித்து, தட்டி, அணை கட்டுவோம். வீட்டுக்குப் போர்வை போர்த்துவது மாதிரி. குளிர் அடியில் நுழையாது. அகுலினா அத்தை அந்தப் போர்வையை உருவிக்கொண்டிருந்தாள்.

"அத்தை, பாலாடை..."

"பாலாடைக்குக் கால் இல்ல, எங்கயும் ஓடாது. இந்தக் கயித்தைப் புடி நர்யா. வண்டி சரியுது."

பிடித்தேன்.

"நேத்து சாயங்காலம் தரை தெரியற வரைக்கும் வாரினேன். காலைல வந்து பாத்தா மறுபடியும் இடுப்பு உசரம். கிழவனைக் கேட்டா காத்துங்கறான்."

கிழவன் என்றால் அவள் புருஷன், புரோகோபி மாமா. மனிதர் அப்போதுதான் தேநீர்க் கோப்பையோடு வாசல்படியில் வந்து நின்றார். வீட்டுக்குள்ளேயும் அதே நரித்தோல் தொப்பி, அதே கம்பளி பூட்ஸ் என்பது அவரைப் பார்த்தாலே தெரிந்தது.

"காத்துதான்," என்றார்.

"நவம்பர்ல இங்க காத்து அடிச்சு எவன் பாத்தான்? பக்கத்துல பலாகியா வீட்டுப் புகையைப் பாரு, நூல் புடிச்ச மாதிரி நேரா போகுது. இது காத்தாம். காத்து வந்து, பனியைக் குவிச்சு, மரவாரியோட முதுகால தட்டித் தட்டி மெழுகிட்டுப் போயிருக்கு."

"இப்பல்லாம் காத்தும் மாறிப்போச்சு கிழவி. எல்லாமே மாறிப்போச்சுன்னு நீதானே தினம் சொல்ற."

 அத்தை இன்னும் இரண்டு வாரி பனியை வண்டியில் வீசினாள். வீசிய வேகத்தில் பாதி மாமாவின் கோப்பைக்குள் போயிருக்கும்.

அத்தையின் கதையைச் சொல்லாமல் இந்தச் சண்டை புரியாது.

ஏரிக்கு அந்தப் பக்கம், இப்போது ஆளே இல்லாத ஒரு குக்கிராமத்தில் பிறந்தவள். பதினேழு வயதில் அரசுப் பண்ணையில் கன்றுக்குட்டி வளர்க்கும் வேலைக்கு வந்தாள். அவள் கையில் வந்த கன்று சாகாது என்று பேர் வாங்கினாள். பால் ஏற்ற டிராக்டர் ஓட்டிக்கொண்டு வந்த புரோகோபி மாமா, பால் இல்லாத நாட்களிலும் வர ஆரம்பித்ததைப் பார்த்து, "கல்யாணம் பண்ணிக்கறியா, இல்ல டீசலை வீணாக்கிட்டே இருக்கியா?" என்று இவளே கேட்டதாகச் சொல்வார்கள். இரண்டு பேரும் சேர்ந்து மரம் வெட்டி வீடு கட்டினார்கள். ஊரிலேயே சமமான இடம் எது என்று பார்த்து, பழைய விமானத் திடல் ஓரமாகக் கட்டினார்கள். சின்ன விமானம் வந்து இறங்கும் அளவுக்குச் சமமான தரை அது. என் அம்மா சைக்கிள் பழகியது அங்கேதான்.

இன்றைக்கு அந்தத் திடலில் சைக்கிள் விட்டால் பல்லை எண்ணிக்கொண்டுதான் வீடு திரும்ப வேண்டும். கீழே மண்ணுக்குள் கோடையிலும் கரையாமல் இருந்த பனிக்கட்டி உருக உருக, தரை கட்டம் கட்டமாக இறங்கிவிட்டது. கவிழ்த்துவைத்த கிண்ணங்கள் மாதிரி மேடு, மேட்டுக்கு நடுவே பள்ளம். பள்ளத்தில் மாடு மேய்ந்தால் முதுகு மட்டும்தான் தெரியும். திடலைச் சுற்றி இருந்தவர்கள் ஒவ்வொருவராக வீட்டுக் கட்டைகளைப் பிரித்து, காட்டு ஓரத்து மேட்டுக்குக் கொண்டுபோய்த் திரும்ப அடுக்கிக்கொண்டார்கள். மிஞ்சியது அத்தை வீடும், பக்கத்து பலாகியா வீடும்.

அத்தை வீட்டில் சாப்பிட்டவர்களுக்குத் தெரியும். சூப்புக் கிண்ணத்துக்கு அடியில் ஒரு பக்கம் மரத்துண்டு வைத்துத்தான் பரிமாறுவாள். எந்த நாற்காலியில் உட்கார்ந்தால் மெல்ல வடக்கே நகர்வோம் என்பதும் தெரியும். மாமா வருஷா வருஷம் கதவை இழைத்து இழைத்து, கதவே இப்போது கோணலாக, கோணல் சட்டத்துக்குக் கச்சிதமாக இருக்கிறது.

இதையெல்லாம் அவர்கள் பழகிக்கொண்டார்கள். பழக முடியாதது அடுப்பு. போன குளிர்காலத்துக்கு முந்தினதில், சமையலறைக்கும் வடக்கு அறைக்கும் நடுவே நிற்கும் செங்கல் அடுப்பு, அறைப் பக்கமாக வாய் பிளந்துவிட்டது. ஒரு காலையில் இரண்டு பேருக்கும் தலை சுற்றி, பூனை வாந்தி எடுத்து, புகை எங்கிருந்து வருகிறது என்று தேடியபோதுதான் பார்த்தார்கள். அடுப்பு கட்டுகிற ஆள் வந்து தட்டிப் பார்த்தான். "அடுப்பு நல்லாத்தான் இருக்கு, தரைதான் ஓடுது. தரையை நான் செங்கல்ல கட்ட முடியாது" என்று மேலுக்குப் பூசிவிட்டுப் போனான்.

நகரத்திலிருந்து மகள் தூயாரா ஓடிவந்தாள். ஆறாவது மாடியில் குழாயைத் திறந்தால் வெந்நீர் வரும் வீட்டில் இருப்பவள். சண்டை போடவில்லை, அழவும் இல்லை. ஒரே பேச்சு: இன்னொரு தடவை அடுப்பு விரிசல் விட்டால், பசுக்களை விற்றுவிட்டு இரண்டு பேரும் என்னோடு வந்துவிட வேண்டும். அத்தை சரி என்றாள். அகுலினா அத்தை சரி என்று சொன்னால் சரிதான். ஊருக்கே தெரியும், தூயாராவுக்கும் தெரியும்.

அதன் பிறகுதான் அத்தைக்கு ஒரு பழைய விஷயம் ஞாபகம் வந்திருக்கிறது. உறைநிலத்தைப் பற்றி ஆராய்கிற ஒரு பெண் ஒருமுறை எங்கள் ஊர் மன்றத்தில் வந்து பேசினாள். சுவரைச் சுற்றிப் பனியைக் குவிக்காதீர்கள், பனி போர்வை மாதிரி, அது வீட்டுக்கு மட்டும் இல்லாமல் தரைக்கும் கதகதப்புக் கொடுக்கிறது, குளிர்காலத்தில் தரை இறுகாவிட்டால் கோடையில் கூடுதலாக இறங்கும் என்றாள். மன்றமே சிரித்தது. அதில் சத்தமாகச் சிரித்தது அகுலினா அத்தை. "இனிமே பனியில வெளிய படுக்கச் சொல்லுவா போல" என்று அவள் சொன்னதற்கு நானும் சிரித்திருக்கிறேன்.

சிரித்தவள்தான் போன குளிர்காலம் பூராவும் வாரினாள். வீட்டுக்குள் வாளித் தண்ணீரில் காலையில் பனிக்கட்டித் தோல் கட்டும். மாமா தொப்பியோடு படுப்பார். போகிற வருகிற எல்லோரும் கேலி. இன்றைக்கும் அந்த நேரம் பார்த்து பலாகியா வேலிக்கு மேலே தலையை நீட்டினாள்.

"என்ன அகுலினா, வீட்டுக்குச் சவரம் முடிஞ்சுதா?"

"உன் வீட்டுக்கும் பண்ணிவிடட்டா?"

"வேணாம் தாயி. காலைல எந்திரிக்கும்போது எனக்கு மூக்கு இருக்கணும். ஆனா சொல்லிப்புட்டேன், ஒரு வாரி பனி என் பக்கம் விழுந்துச்சு, போன வசந்தத்துல மாதிரி என் உருளைக்கிழங்குக் கொல்லை குளமாச்சு, அப்புறம் உன்கூடப் பேச மாட்டேன்."

"நீ பேசாம இருக்க எத்தனை வாரி போடணும், சொல்லு. போட்டுடறேன்."

பலாகியா தலையை உள்ளே இழுத்துக்கொண்டாள். சிரிப்புச் சத்தம் மட்டும் கேட்டது.

அதனால்தான் வாரிய பனியை முற்றத்தில் எங்கேயும் போட முடியாது. எங்கே குவித்தாலும் அங்கே தரை இளகும். சறுக்குவண்டியில் ஏற்றி ஏரிக்குக் கொண்டுபோக வேண்டும். நானும் சேர்ந்து இழுத்தேன். ஏரியில் குடிதண்ணீருக்குப் பனிக்கட்டி அறுத்துக்கொண்டிருந்தார்கள். இந்த வருஷம் ஏரி வெகுநாள் இறுகவே இல்லை, இப்போதுதான் ஆள் நிற்கிற கனம் வந்திருக்கிறது. அதில் ஒருவர் எங்களைப் பார்த்துவிட்டு, "வாங்க வாங்க, ஏரிக்குப் பனி பத்தலன்னு நாங்களே சொல்லணும்னு இருந்தோம்" என்றார். அத்தை வண்டியைக் கவிழ்த்துவிட்டு, அவர்கள் அறுத்து வைத்திருந்ததில் இரண்டு கட்டியை எடுத்துப் போட்டுக்கொண்டு, "இது கூலி" என்று சொல்லிவிட்டு நடந்தாள்.

வீட்டுக்குள் வந்ததும் அடுப்பை ஊதிவிட்டு அலாஜி அப்பம் சுட்டாள். முதல் அப்பத்தில் ஒரு துண்டு கிள்ளி நெருப்புக்குப் போட்டாள், எல்லோரும் போடுவதுதான். "சாப்புடு. சாப்ட்டுட்டுப் பேசாம நில்லு. அங்கங்க வாயைப் பொளக்காத," என்றாள் அடுப்பிடம். மாமா தொப்பியைக் கழற்றாமலே மேசையில் வந்து உட்கார்ந்தார்.

"நர்யா, உன் போன்ல நல்லா போட்டோ விழுமில்ல?" என்றாள் அத்தை. "ஒரு போட்டோ எடுத்து தூயாராவுக்கு அனுப்பு. தினம் கேக்கறா. என் போன்ல எடுத்தா எல்லாம் மூட்டமா விழுது."

வடக்கு அறைக்குள் கூட்டிக்கொண்டு போனாள். மாமாவின் கட்டில் அங்கே, வடக்குச் சுவரோரம். அடுப்பின் பின்பக்கம், பழைய விரிசல் இருந்த இடத்தில், மேலிருந்து கீழ் வரைக்கும் ஒரு மண்பூச்சுக் கோடு. போன வசந்தத்தில் அவளே பூசியது. தரை அசைந்தால் செங்கல் அசையும், செங்கல் அசைந்தால் அந்தப் பூச்சு முதலில் கிழியும்.

"கோடை போச்சு, மழை போச்சு, செப்டம்பரும் போச்சு. ஒரு கீறல் இல்ல பாரு," என்றாள். அவள் முகத்தில் இவ்வளவு பெருமையை நான் பார்த்ததே இல்லை. 

கிட்டப் போய் எடுத்தேன். சரியாக விழுந்திருக்கிறதா என்று விரலால் பெரிதாக்கிப் பார்த்தேன். பூச்சுக்குள் மஞ்சளாகச் சின்னச் சின்னத் துணுக்குகள்.

"அத்தை, பூச்சுல மரத்தூள் போடுவீங்களா?"

அவ்வளவுதான் நான் கேட்டது. என் வாயைத் தைத்திருக்கலாம்.

அத்தை போனை வாங்கிப் பார்த்தாள். பிறகு அடுப்பிடம் போய் நகத்தால் சுரண்டிப் பார்த்தாள். அவள் பூச்சு என்றால் களிமண், சாணி, அதில் பொடியாக நறுக்கிய மாட்டு மயிர். மாட்டுக்கொட்டகைக்கு முப்பது வருஷமாக அதுதான் பூசுகிறாள்.

"கிழவா, இங்க வா."

மாமா வரவில்லை. மேசையில் கோப்பை வைக்கிற சத்தம் கேட்டது.

"என் சாணியில மயிர் உண்டு. மரத்தூள் எப்போ மொளைச்சுது?"

பிறகு அறை வாசலில் வந்து நின்றார். தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார்.

"ஆகஸ்ட்ல," என்றார்.

"ஆகஸ்ட்ல?"

"நீ அவ்வளவு நாள் புல் அறுக்கப் போயிருந்தல்ல. மழை விடாம பெஞ்சுதுல்ல. ஒரு நாள் காலைல பாத்தேன், கிழிஞ்சிருந்துச்சு."

"எவ்வளவு?"

"கத்தி நுழையும்."

"என்ன கத்தி? வெண்ணெய்க் கத்தியா, மீன் கத்தியா?"

"மீன் கத்தி."

அத்தை கட்டிலில் உட்கார்ந்துவிட்டாள். கத்துவாள் என்று நினைத்தேன். கத்தியிருந்தால் எனக்கு நிம்மதியாக இருந்திருக்கும்.

"போன குளிர்காலமும் நீதான் இந்தப் பக்கம் பனியைத் திரும்பத் திரும்பத் தள்ளி வெச்ச," என்றாள். "மத்த மூணு பக்கமும் தரை நிக்குது. இந்தப் பக்கம் மட்டும் எறங்கிருக்கு. உன் கட்டில் பக்கம்."

"கால் வலி கிழவி. குளிர்ல முட்டி மடங்கல."

"சொல்ல வேண்டியதுதானே."

"சொன்னா நீ வாரறதை நிறுத்துவியா?"

"மாட்டேன்."

"அதான் சொல்லல."

 எனக்குப் பாலாடையும் வேண்டாம் ஒன்றும் வேண்டாம், ஓடிவிடலாம் என்று இருந்தது.

"பூசினியே, அது எதுக்கு?" என்றாள் அத்தை.

மாமா தொப்பியின் காதைத் திருகினார். "கிழிஞ்சதைப் பாத்தா நீ அன்னிக்கே தூயாராவுக்குப் போன் போடுவ. மாட்டை வித்துடுவ. சொன்ன சொல்லு உனக்குப் பெருசு. நான் அந்த ஆறாவது மாடியில என்ன பண்ணுவேன்? ஜன்னல்ல நின்னு கார் எண்ணுவேனா?"

"என் பேச்சுக்கு மேல உன் மரத்தூளைப் பூசிட்ட."

"ஆமா."

அத்தை எழுந்து சமையலறைக்குப் போனாள். மீன் கத்தியோடு திரும்பி வந்தாள்.  நேராக அடுப்புக்குப் போய், அந்தப் பூச்சை மேலிருந்து கீழ் வரைக்கும் வழித்து எடுத்தாள். உள்ளே கறுப்பாக விரிசல் தெரிந்தது. கத்தியை நுழைத்துப் பார்த்தாள். நுழைந்தது.

"இப்போ எடு நர்யா. கத்தியோட எடு. அனுப்பு."

"அத்தை, கொஞ்சம் யோசிச்சு..."

"அனுப்புடீ."

அனுப்பினேன். போன் உடனே அடித்தது. தூயாராதான். ஸ்பீக்கரில் போட்டேன்.

"அம்மா, இது எப்போ?"

"ஆகஸ்ட்ல கிழிஞ்சுது. எனக்கு இப்பத்தான் தெரிஞ்சுது. வாக்குக் குடுத்தேன். எப்போ வரணும்னு சொல்லு. மாட்டை யாருக்குக் குடுக்கறதுன்னு நான் பாத்துக்கறேன்." ரொட்டி தீர்ந்துவிட்டது என்று சொல்வது மாதிரி சொன்னாள். ஆனால் மீன் கத்தி இன்னும் அவள் கையிலேயே இருந்தது.

தூயாரா பேசுவதற்குள் மாமா போனுக்குக் கிட்ட வந்தார். "தூயாரா, அம்மா மேல தப்பு இல்ல. அவ வாரினா, நான் திரும்ப வெச்சேன். கிழிஞ்சதையும் நான்தான் பூசி மறைச்சேன்."

"அப்பா, புகை உள்ள வந்திருந்தா என்ன ஆயிருக்கும்? நீங்க படுக்கற அறை அது. தெரிஞ்சேவா படுத்தீங்க?"

"தெனமும் மூக்கை வெச்சுப் பாத்துட்டுத்தான் படுத்தேன்."

"மூக்கை வெச்சு," என்றாள் தூயாரா. "கேட்டுக்கோங்க. மூக்கை வெச்சுப் பாத்தாராம். எனக்கு நரைக்கறதே உங்க ரெண்டு பேராலதான்." குரல் உடைந்தது. அங்கே யாரோ தண்ணி குடி என்று சொல்வது கேட்டது.

அப்போதுதான் மாமா அதைச் சொன்னார். யாரையும் பார்க்காமல், விரிசலைப் பார்த்துக்கொண்டே சொன்னார். "இந்த அறையை மூடிடலாம். கட்டிலைச் சமையலறைக்குக் கொண்டுபோறேன். இந்தப் பக்கம் தரைப் பலகை நாலு எடுத்துட்டு, ஜன்னலையும் திறந்து விட்டுட்டா, குளிர் நேரா மண்ணுக்குள்ள எறங்கும். ஒரு குளிர்காலம் பூராவும். வெளிய பனியை நானே வாரறேன். அடுப்பை இந்தப் பக்கம் செங்கல் வெச்சு அடைக்க நாளைக்கே ஆளைக் கூட்டிட்டு வரேன். அதுக்கு அப்புறமும் கிழிஞ்சா நானே பெட்டியைக் கட்டறேன், நீ கூப்புட வேணாம்."

வீட்டுக்குள்ளே தொப்பி போட்டுக்கொண்டு, ராத்திரி திருட்டுத்தனமாகப் பனியைத் தள்ளி வைத்த மனிதர், தன் அறைக்குள்ளேயே குளிரைக் கூப்பிட்டு விடலாம் என்கிறார். அத்தை அவரை ஏதோ புது ஆளைப் பார்ப்பது மாதிரி பார்த்தாள்.

"உனக்கு முட்டி வலிக்குமே," என்றாள்.

"சமையலறைல அடுப்போரம் படுத்தா வலிக்காது. இத்தனை வருஷமா அங்க படுக்கத்தான் ஆசை. நீ குறட்டைன்னு இங்க அனுப்பிட்ட."

போனில் மூக்கை உறிஞ்சும் சத்தம். பிறகு தூயாரா சொன்னாள்: "அம்மா, நீ என்ன சொல்ற?"

"வாக்கு உன்கிட்ட குடுத்தது. நீதான் சொல்லணும்."

 

"அடுத்த கோடை தாண்டி, செப்டம்பர் வரைக்கும் பாக்கலாம்," என்றாள் தூயாரா. "ஆனா கட்டிலை இப்பவே நகத்தணும். இப்பவே. போன் வைக்க மாட்டேன். நகத்தினதும் நர்யா போட்டோ அனுப்பணும். புகைக்குக் கத்துற கருவி ஒண்ணு வாங்கி பஸ்ல குடுத்து விடறேன். அது கத்தினா அப்பா மூக்கை வெக்கக் கூடாது, வெளிய ஓடணும்."

அத்தை திரும்பிக்கொண்டு இடுப்பில் கட்டியிருந்த துணியால் கத்தியைத் துடைத்தாள். ரொம்ப நேரம் துடைத்தாள்.

நாங்கள் மூன்று பேரும் கட்டிலைத் தூக்கினோம். வடக்கே சரிந்த தரையில் மேட்டுக்குத் தள்ளுவது என்றால் சாதாரணமில்லை. "தூக்குய்யா, இழுக்காத" என்று அத்தை, "இழுக்கறேன், நீதான் அமுக்கற" என்று மாமா, "நகந்துச்சா, நகந்துச்சா" என்று போனிலிருந்து தூயாரா. நடுவில் ஒருமுறை கட்டில் என் கையை உதறிவிட்டுத் திரும்ப வடக்கே போனது. அத்தை வாய்க்கு வந்தபடி திட்டினாள், கட்டிலையா மாமாவையா என்று தெரியவில்லை. கடைசியில் அடுப்போரம் கொண்டுவந்து, காலுக்கு அடியில் மரத்துண்டு கொடுத்து நிறுத்தினோம். மாமா உடனே அதில் படுத்துப் பார்த்தார். அத்தை அவர் மேல் கம்பளியை வீசிவிட்டு, "பூட்ஸைக் கழட்டிட்டுப் படு, சந்தையா இது?" என்றாள்.

வடக்கு அறை ஜன்னலை மாமாவே எழுந்துபோய்த் திறந்தார். வெள்ளையாகக் குளிர் தரையோடு தவழ்ந்து உள்ளே வந்தது. கதவைச் சாத்தி, கம்பளித் துண்டை இடுக்கில் திணித்தார்கள். பாதி வீடு போய்விட்டது. அத்தை அந்தக் கதவையே கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு எனக்குப் பாலாடை எடுத்துக் கொடுத்தாள். காசு வாங்கவில்லை, நானும் வற்புறுத்தவில்லை. வற்புறுத்தக்கூடிய முகமாக அது இல்லை.

இதைப் படிக்கிறவர்களுக்கு ஒரே வேண்டுகோள். ஏரிப் பக்கமாக டிராக்டரில் போகிறவர்கள், ஒவ்வொரு பனிக்குப் பிறகும் பழைய திடல் வழியாக ஒரு சுற்று வந்து, அத்தை வீட்டுப் பனியை ஏரிக்கு இழுத்துப் போங்கள். மாமாவின் முட்டி அந்தச் சறுக்குவண்டியைத் தாங்காது, அவரோ கேட்க மாட்டார். நகரத்தில் இருக்கிறவர்கள், ஊரில் தனியாக இருக்கும் அப்பா அம்மாவுக்கு இன்றைக்கே போன் போடுங்கள். வீடு கதகதப்பா இருக்கா என்று கேட்காதீர்கள். சுவரோரம் பனி இருக்கிறதா, அடுப்பின் பின்பக்கம் எப்படி இருக்கிறது என்று கேளுங்கள். நன்றாக இருக்கிறது என்று சொன்னால், கிட்டப் போய் ஒரு போட்டோ எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். இதை அவர்களுக்கும் அனுப்பி வையுங்கள்.